பலகையில் யார் பெயர்?

தைப்பூசத்துக்கு முந்தின நாள், சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் கிளம்பும். சைனாடவுன் பக்கம் கியோங் சைக் ரோட்டில் இருக்கும் லயன் சித்தி விநாயகர் கோயில் வரை போய், மாலையில் திரும்பும். 1859இல் எழுந்த கோயிலும் 1925இல் எழுந்த கோயிலும், இரண்டுமே இன்று செட்டியார் சமூகத்தின் நிர்வாகத்தில் இருக்கின்றன.

2018இல் அதே கியோங் சைக் ரோட்டில் ஓர் உணவகம் திறந்தார்கள். பெயர் 'தேவர்'. பினாங்கில் பிறந்த மனோ தேவர் அதன் தலைமைச் சமையல்காரர். தென்னிந்திய மசாலாவும் மலேசிய நாக்கும் ஐரோப்பியச் சமையலறைப் பயிற்சியும் சேர்ந்த சமையல். 2021இல் மிஷலின் ஒரு நட்சத்திரம் தந்தது, 2022இல் இரண்டு. பிறகு கடை முகமது சுல்தான் ரோட்டுக்கு மாறியது. அங்கிருந்து டேங்க் ரோடு கோயிலுக்குச் சில நிமிட நடைதான். ஆக, ரதம் போய்ச்சேரும் இடத்தில் தொடங்கிய கடை, ரதம் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இந்த ஒற்றுமை தற்செயல். ஆனால் அந்தப் பாதையில் நூறு வருஷத்துக்கு மேலாகத் தமிழர்கள் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தற்செயல் இல்லை. அத்தனை வருஷத்தில் சமைத்தவர் பெயர் எப்போது பலகைக்கு வந்தது? சிங்கப்பூரின் உயர்தர இந்திய உணவகங்களின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் கிட்டங்கிகளில் இருந்து வட்டித்தொழில் நடத்திய காலத்திலிருந்து ஆரம்பிப்போம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். பகலில் தொழில், இரவில் அதே கூடத்தில் படுக்கை, சாப்பாட்டுக்குப் பொதுச் சமையல். தங்கள் நிறுவனத்தைக் குறிக்கும் முதலெழுத்து வரிசையைச் செட்டியார்கள் 'விலாசம்' என்பார்கள். பத்திரங்களிலும் கணக்குகளிலும் அந்த விலாசங்கள் நிலைத்துவிட்டன. அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்களுக்கு விலாசம் இல்லை.

அடுத்து வந்தவை சைவ உணவகங்கள். 1924இல் தொடங்கிய ஆனந்த பவன், 1947இல் சிராங்கூன் ரோட்டில் தொடங்கிய கோமள விலாஸ். இரண்டும் இன்றும் இருக்கின்றன. பவன் என்றால் மாளிகை. விலாஸ் என்றால் களிப்பு, சொகுசு. அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்த தமிழர்களில் பெரும்பாலானவர்கள் தனியாள்கள். வீடில்லாதவன் போய் உட்காரும் இடத்துக்கு வீட்டின் பெயர், அதிலும் பெரிய வீட்டின் பெயர். "பசியாறியாச்சா?" என்றுதான் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்றும் தமிழர்கள் விசாரித்துக்கொள்கிறார்கள். இந்தக் கடைகள் அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தவை. ருசி முக்கியம்தான், ஆனால் அதற்கு முன்னால் பசி. இலையில் சாதம் தீர்ந்தால் மறுபடி போடுவார்கள். அளந்து போடுவது மரியாதைக் குறைவு.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உயர்தர உணவகத்தின் முதல் விதியே அளவுதான். பத்து வகை, ஒவ்வொன்றும் இரண்டு வாய். இலைச் சாப்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாமல் போவதற்குக் கஞ்சத்தனம் காரணமில்லை. விருந்தோம்பல் என்றால் என்ன என்பதிலேயே இரண்டு தரப்புக்கும் கணக்கு வேறு.

பெயர் விஷயத்துக்கு வருவோம். மீன் தலைக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் அடையாள உணவுகளில் ஒன்று. அது பிறந்த கதையாகப் பலரும் சொல்வது 1949இல் எம்.ஜே. கோமஸ் என்ற மலையாளி சோஃபியா ரோடு பக்கம் நடத்திய சிறிய கடையைத்தான். மீன் தலையைச் சீன வாடிக்கையாளர்கள் விரும்பிச் சாப்பிடுவதைக் கவனித்து, அதைத் தென்னிந்தியப் புளிக்குழம்பில் போட்டவர் அவர். 1969இல் முத்தூஸ் கறி வந்தது, 1974இல் பனானா லீஃப் அப்போலோ. ரேஸ் கோர்ஸ் ரோடு மீன் தலைக்கறிக்குப் பேர் பெற்ற தெருவாகிவிட்டது. கோமஸின் கடை இன்று இல்லை. அவர் கண்டுபிடித்த கறி சீனர், மலாய்க்காரர், பெரனாக்கான் சமையலறைகளுக்கெல்லாம் போய்ச்சேர்ந்துவிட்டது. தேக்காவில் மீன் தலைக்கறி சாப்பிட வருகிறவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இதே காலகட்டத்தில், விலை உயர்ந்த இந்தியச் சாப்பாடு என்பது வேறொரு வழியில் வந்தது. 1971இல் ரங் மஹால் திறந்தது. ஓட்டலுக்குள் இருக்கும் இந்திய உணவகம், வெள்ளை மேஜைவிரிப்பு, தந்தூர் அடுப்பு. சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் மேல் தமிழர்கள். ஆனாலும் 'நல்ல இடத்துக்குக் கூட்டிப்போய் விருந்து' என்றால் அது வட இந்தியச் சாப்பாடு என்று ஆகிவிட்டது. நானும் கபாபும் மேஜைவிரிப்புக்கு, தோசையும் குழம்பும் எவர்சில்வர் தட்டுக்கு. ஆங்கிலேயர் காலத்து ராஃபிள்ஸ் ஓட்டலின் டிஃபின் ரூம்கூட இன்று வட இந்திய உணவைத்தான் பரிமாறுகிறது.

2016இல் மிஷலின் கையேடு சிங்கப்பூருக்கு வந்தது. தென்கிழக்காசியாவில் அதுவே முதல் முறை. அந்தப் பட்டியலில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியவை. ஸ்காட்ஸ் ரோட்டுக் காலனியக் கால பங்களாவில் மஞ்சுநாத் முரல் தலைமையில் இயங்கிய 'தி சாங் ஆஃப் இந்தியா' ஒரு நட்சத்திரம் பெற்றது. அதே பட்டியலில் உணவங்காடிக் கடைகள் இரண்டும் நட்சத்திரம் பெற்றன: ஒன்று சோயா சாஸ் கோழிச் சோறு, இன்னொன்று பன்றி இறைச்சி நூடுல்ஸ். இரண்டும் சீனக் கடைகள். சில வெள்ளிக்குச் சாப்பிடும் உணவுக்கும் நட்சத்திரம் உண்டு என்று உலகமே ஆச்சரியப்பட்டது. தேக்காவின் தோசைக்கல்லுக்கு அன்று அந்த ஆச்சரியம் வாய்க்கவில்லை.

ஏன்? ருசி குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிருஷ்ணேந்து ராய் 2016இல் எழுதிய 'தி எத்னிக் ரெஸ்டாரண்டர்' என்ற நூலில் ஒரு விளக்கம் இருக்கிறது. ஒரு நாட்டின் உணவுக்கு நாம் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பது, அந்த நாட்டிலிருந்து வந்த மக்களை நாம் எந்த வேலையில் பார்க்கிறோம் என்பதோடு சேர்ந்தது என்கிறார். ஏழைகளாக வந்து குவிகிறவர்களின் உணவு மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பணமும் செல்வாக்கும் உள்ள நாட்டின் உணவு என்றால் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். அமெரிக்காவில் ஜப்பானிய உணவு ஏறிய கதை அவருடைய உதாரணங்களில் ஒன்று.

சிங்கப்பூரில் இது இன்னும் பக்கத்தில் தெரியும். கட்டுமான வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளிக்குச் சாப்பாடு பொட்டலமாக அதிகாலையிலேயே வந்துவிடுகிறது. மதியம் பிரிக்கும்போது சில நாள் ஊசிப்போயிருக்கும். அதே நகரத்தில், அதே சோம்பும் மிளகும் போட்ட உணவுக்குச் சில நூறு வெள்ளி கொடுத்து முன்பதிவு செய்கிறார்கள். "நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்கு இவ்வளவு காசா?" என்று நம்மில் பலரும் கேட்போம். ஆனால் பார்சலோனாவின் டிஸ்ஃப்ருதார் 2024இல் உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது, அங்கே என்ன விலை என்று நாம் கோபப்படவில்லை. அந்தக் கோபம் நம் சாப்பாட்டுக்கு மட்டும் வருவது ஏன் என்று யோசிக்கலாம். அதில் ராய் சொல்லும் கணக்கு இருக்கிறது. நம் அம்மாக்களின் சமையலுக்கு ஒருபோதும் கூலி இருந்ததில்லை என்ற கணக்கும் இருக்கிறது.

இப்போது 'தேவர்' என்ற பலகையைப் பார்ப்போம். தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தச் சொல் உடனே சாதிப் பட்டமாகத்தான் கேட்கும். அது நியாயமான கேட்பு. தமிழ் உணவகப் பலகைகளுக்குச் சாதி வரலாறு உண்டு. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் 'பிராமணாள்' பலகைக்கு எதிராகப் பெரியார் மறியல் நடத்தினார். அங்கே சாதிப் பெயர் சொன்ன செய்தி, சமைப்பவர் யார், அதனால் இங்கே 'சுத்தம்' என்பது. மலேசிய, சிங்கப்பூர் ஆவணங்களிலோ பட்டம் பல குடும்பங்களுக்கு வெறும் குடும்பப்பெயராக உறைந்துபோனது. சீன, மலாய், ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு 'தேவர்' என்பது ஒரு சமையல்காரரின் பெயர், அவ்வளவுதான். ஒரே சொல் ஒரு கரையில் வேலியாகவும் இன்னொரு கரையில் கையெழுத்தாகவும் படிக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

எது எப்படியோ, சமைத்தவர் பெயர் பலகைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒருவர் பெயர் வந்ததும் வரலாறு முடிந்துவிடுமா? கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் இந்தியாவிலிருந்து வேலை அனுமதியில் ஆள் எடுக்க முடிந்த சிங்கப்பூரில், சேவைத்துறைக்கு அந்த வழி இல்லாமல் இருந்தது. கூடுதல் சம்பளம் கேட்கும் வேறு அனுமதிகளில்தான் இந்தியச் சமையல்காரரைக் கொண்டுவர முடியும். கட்டடம் கட்ட வரலாம், தோசை சுட வருவது கஷ்டம். சமையலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று உணவக முதலாளிகள் வருஷக்கணக்கில் முறையிட்டார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் விதி தளர்ந்தது. மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் என்ற நிபந்தனையோடு, இந்திய உணவகங்கள் வேலை அனுமதியில் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை எடுக்கலாம்.

கிட்டங்கிச் சமையல்காரரிலிருந்து இங்கே வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஓர் அரசாங்கம் 'இந்தியச் சமையல்காரர்' என்று தனியாக ஒரு வேலையை எழுதி, அதற்கு ஒரு தொகையும் குறித்திருக்கிறது. நட்சத்திரத்தைவிட எனக்கு இது பெரிய செய்தியாகப் படுகிறது. இந்த அனுமதியில் வந்தவர்கள் இப்போது சிராங்கூன் ரோட்டு அடுக்களைகளில் மாவு கரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர், யாரிடம் சமையல் கற்றார்கள், இங்கே வந்து எதை மாற்றிச் சமைக்கிறார்கள் என்பதை இன்றே கேட்டு எழுதிவைக்கலாம். கோமஸ் காலத்தில் யாரும் அப்படிக் கேட்டு எழுதிவைக்காததால்தான், அவரைப் பற்றி நமக்கு ஒரு பத்திக்கு மேல் சொல்ல இல்லை.