மினாராவும் வாக்குச் சீட்டும்

சுவிட்சர்லாந்தில் அரசமைப்புச் சட்டத்தின் ஒரு வரியை மாற்றுவதாயினும் மக்களின் வாக்கைக் கேட்டாக வேண்டும். அதிலும் பெரும்பான்மை ஒன்று போதாது, இரண்டு வேண்டும். வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் இசைய வேண்டும். 'கன்டோன்' எனப்படும் மாநிலங்களிலும் பாதிக்கு மேல் இசைய வேண்டும். 1847இன் உள்நாட்டுப் போரில் தோற்ற கத்தோலிக்க மாநிலங்களைப் பெரிய மாநிலங்கள் விழுங்கிவிடாதிருக்க, மறு ஆண்டே அமைந்த காப்பு இது. பெயரளவிலான காப்பன்று. அயல்நாடுகளில் தொழில் நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பைப் பற்றிய ஒரு தீர்மானம், 2020 நவம்பரில் 50.7 விழுக்காடு வாக்குப் பெற்றும் மாநிலங்கள் மறுத்ததால் வீழ்ந்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமக்கென ஒரு மாநிலம் இல்லாமல் நாடெங்கும் சிதறி வாழ்வோருக்கு இக்காப்பு எவ்வாறு உதவும்? இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

குடிமக்களே கையொப்பம் திரட்டித் தீர்மானம் கொணரும் உரிமை 1891இல் வந்தது. அவ்வுரிமையின்படி முதன்முதல் வாக்குக்கு வந்தது எது தெரியுமா? பிராணிகளை மயக்கமூட்டாமல் அறுக்கலாகாது என்பது! ஜீவகாருண்யம் மேற்போர்வை, அடி விழுந்தது யூதர்கள் மீது. அரசாங்கம் வேண்டாமென்றும் கேளாது, 1893 ஆகஸ்டு 20இல் 60 விழுக்காட்டினர் இசைந்தனர். மாநிலங்களோ 11½க்கு 10½. (சில மாநிலங்கள் அரையாகவே எண்ணப்படும்.) ஓர் அரை மாநிலம் மறுபுறம் சாய்ந்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். முறைப்படி ஸபஹ் செய்து உண்ணும் நமக்கு அந்தத் தடையின் சுமையை விளக்க வேண்டியதில்லை.

நூற்றுப் பதினாறு ஆண்டுகள் கழித்து நம் முறை வந்தது. 'மனாரா' என்ற அரபுச் சொல்லுக்கு ஒளி தரும் இடம், கலங்கரை விளக்கம் என்பது பொருள். நாடு முழுவதிலும் அன்றிருந்தவை நான்கே மினாராக்கள். 2009 நவம்பர் 29இல் 57.5 விழுக்காட்டினர் இனி மினாரா எழும்பலாகாது என்றனர். அரசாங்கமும் நாடாளுமன்றமும் இம்முறையும் எதிர்த்தே நின்றன. 23 மாநில வாக்குகளில் 19½ தடையின் பக்கம். ஜெனீவா, வோ, நியூஷாட்டெல், பாசல் நகரம் ஆகியவை மட்டுமே மறுத்தன. ஜெனீவாவில் 1978 முதலே மினாராவுடன் பள்ளிவாசல் நிற்கிறது என்பதையும் ஈண்டுக் குறிக்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 72ஆம் விதியில் அத்தடை ஏறியது. முகத்தை மறைப்பதற்கான தடையும் 2021 மார்ச்சில் 51.2 விழுக்காட்டுடன் தேறியது.

வாக்கால் வந்த தடை வாக்காலேயே நீங்கியதும் அந்நாட்டில் உண்டு. யேசு சபையினர் மீது 1848இல் விதித்த தடையை 1973இல் 54.9 விழுக்காட்டினர் நீக்கினர். அவர்களுக்கோ, கைகொடுக்கக் கத்தோலிக்க மாநிலங்கள் இருந்தன.