எந்த வாயில்? – ஒரு சிற்றளவு டாங்கியும் அதன் மேல் படிந்த புழுதியும்

தமிழ் கற்பிப்பவனுக்கு டாங்கியோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. விடைத்தாள் திருத்திக் கண்கள் சோர்ந்த இரவுகளில், பிளாஸ்டிக் துண்டுகளைச் சட்டகத்திலிருந்து வெட்டியெடுத்து, ஓரங்களைத் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசுவது சில ஆண்டுகளாக எனக்குப் பழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்த மாதிரிகளுள் ஒன்று, 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் நகரின் சுதந்திர மாளிகைக்குள் நுழைந்த டாங்கி. கோபுரத்தில் வெள்ளை நிறத்தில் 843 என்னும் எண். அதன் முன்னே சாய்ந்து கிடக்கும் இரும்பு வாயிற்கதவையும் மெல்லிய கம்பிகளால் செய்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த வரலாற்றுத்துறை நண்பர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த வாயில்?" என்று கேட்டார். மாளிகையின் முதன்மை வாயில் என்றேன். "அப்படியானால் எண் தவறு" என்றார்.

நான்கு மாத உழைப்பில் ஒரு பிழையைச் செய்து முடித்திருக்கிறேன் என்பது அன்று விளங்கியது. அது என் பிழை மட்டுமன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு நாடே நம்பியிருந்த பிழை.

மாதிரி செய்வோர் வழக்கில் 1945க்குப் பிந்திய டாங்கிகள் எல்லாமே 'நவீன' டாங்கிகள்தாம். அவற்றுள் உலகில் மிகுதியாகச் செய்யப்பட்டவை சோவியத் நாட்டின் டி-54, டி-55 வரிசையைச் சேர்ந்தவை. கவிழ்த்த கிண்ணம் போன்ற வார்ப்பெஃகுக் கோபுரம். 100 மில்லிமீட்டர் பீரங்கி. பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள், அவற்றுள் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே மட்டும் சற்றே அகன்ற இடைவெளி. எடை 36 டன். உள்ளே நால்வர். டி-54ஏ வகையைச் சீனா தன் ஆலைகளில் படியெடுத்துச் செய்தது. அதன் பெயர் டைப் 59. வட வியட்நாம் படையிடம் இவ்விரண்டும் இருந்தன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரட்டைப் பிள்ளைகள். நெருங்கினால் வேறுபாடு தெரியும்: சோவியத் டி-54பி வகையில் பீரங்கியின் அருகே இரவில் குறிபார்க்க உதவும் அகச்சிவப்பு விளக்கு இருக்கும், தொடக்ககால டைப் 59இல் அது இல்லை. 843 எண்ணுடையது டி-54பி. 390 எண்ணுடையது டைப் 59. அந்தச் சிறு விளக்கு ஒரு மாதிரியில் பட்டாணி அளவுகூட இராது. ஆனால் வரலாற்றின் ஒரு சிக்கல் அதனருகேதான் இருந்தது.

அன்று முற்பகல் நடந்தது இதுதான். 203ஆம் கவசப் படைப்பிரிவின் டாங்கிகள் சைகோன் பாலத்தைக் கடந்து நகருக்குள் வந்தன. முதலில் மாளிகையை அடைந்தது 843. அதன் தலைவர் பூய் குவாங் தான், நான்காம் கம்பெனியின் தளபதி. அவருடைய வண்டி பக்கத்துச் சிறு வாயிலில் மோதி அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த 390 நேரே முதன்மை வாயிலை மோதித் தகர்த்து உள்ளே சென்றது. அதன் தலைவர் வூ டாங் தோவான், அதே கம்பெனியின் அரசியல் அதிகாரி. பூய் குவாங் தான் தம் வண்டியிலிருந்து இறங்கி, அதிலிருந்த கொடியை எடுத்துக்கொண்டு காலால் ஓடி மாளிகைக்குள் புகுந்தார். 11.30 மணிக்கு அக்கொடி மாளிகையின் உச்சியில் ஏறியது. தென் வியட்நாமின் கடைசி அதிபர் டுவோங் வான் மின் சரணடைந்தார்.

கொடியேற்றியவர் 843இன் தலைவர். முதலில் வாயிலை அடைந்ததும் 843. ஆகவே முதன்மை வாயிலைத் தகர்த்ததும் 843தான் என்று செய்தி தானாகவே வளர்ந்துகொண்டது. யாரும் திட்டமிட்டுப் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. நினைவு எப்போதும் சிக்கனமானது. ஒரு நாயகன், ஒரு வண்டி, ஒரு வாயில் என்று சுருக்கி வைத்துக்கொள்ளவே அது விரும்புகிறது. நம் வாய்மொழிக் கதைப்பாடல்களிலும் இதைக் காணலாம். பலர் செய்த செயல்கள் மெல்ல மெல்ல ஒருவன் பெயரில் வந்து சேரும். எஞ்சியோர் 'படை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோவர்.

390இல் இருந்த நால்வரும் அப்படித்தான் மறைந்தனர். அவர்களை மீட்டது ஒரு புகைப்படம். ஃபிரான்சுவாஸ் டெமுல்டேர் என்னும் பிரெஞ்சுப் பெண் புகைப்படக்காரர் அன்று மாளிகை வளாகத்துக்குள் இருந்தார். தகர்ந்த முதன்மை வாயிலின் வழியே 390 உள்ளே வருவதையும், பக்கத்து வாயிலில் 843 நிற்பதையும் அவருடைய படங்கள் பதிவுசெய்திருந்தன. பெய்ரூட்டில் எடுத்த ஒரு படத்துக்காக 1977இல் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றவர் அவர். அவ்விருதை வென்ற முதல் பெண். சைகோன் படங்கள் 1995இல்தான் வியட்நாமில் கவனத்துக்கு வந்தன. அவரே அங்கு சென்று 390இன் வீரர்களைச் சந்தித்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், வாயிலைத் தகர்த்த வண்டிக்கு அதன் எண் திரும்பக் கிடைத்தது. 2012இல் இரு டாங்கிகளும் வியட்நாமின் தேசியப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்டன. பூய் குவாங் தான் காலமானதும் அதே ஆண்டில்.

நண்பர் போன பிறகு இவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். பிறகு ஒரு டைப் 59 பெட்டி வாங்கி மறுபடி தொடங்கினேன்.

1:35 என்னும் அளவு ஒரு விந்தையான அளவு. ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் வைக்க இடம் வேண்டியிருந்தது. மின்கலத்துக்கு ஏற்ப உடலைச் செய்தார்கள்; பிறகு கணக்கிட்டால் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு வந்தது. அதுவே உலக அளவாயிற்று. இந்தக் கணக்கில், பீரங்கியோடு சேர்த்து ஒன்பது மீட்டர் நீளமுள்ள டாங்கி 26 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மனிதர் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. கைக்குள் அடங்கும் போர்.

ஒட்டும் வேலை பொறுமை சார்ந்தது; அது முடிந்த பின்னரே சிந்தனைக்கு வேலை வருகிறது. புதிதாய்ப் பச்சை பூசிய மாதிரி எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் பொம்மையாகவே தெரியும். அதன்மேல் வெயிலையும் மழையையும் மனிதர்களையும் ஏற்ற வேண்டும். அக்கலையை 'வெதரிங்' என்பார்கள். காலம் ஏற்றுதல் என்று நான் சொல்லிக்கொள்வேன். நீர்த்த எண்ணெய் வண்ணத்தை மூலைமுடுக்குகளில் ஓடவிட்டால் நிழல் பிறக்கும். கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை வருடினால் தேய்மானம் தெரியும். கிழிந்த பஞ்சுத் துண்டால் ஒற்றினால் வண்ணம் உதிர்ந்த தடங்கள் தோன்றும். பிறகு வண்ணப் பொடிகள், அவைதான் புழுதி.

ஆனால் எங்கே, எவ்வளவு? இந்த இடத்தில் கைவேலை வரலாற்று ஆராய்ச்சியாகிறது. முதல் மாதிரியில் நான் சேற்றை அள்ளி அப்பியிருந்தேன். வியட்நாம் என்றால் மழை, சேறு என்று திரைப்படங்கள் பழக்கியிருந்தன. தென் வியட்நாமில் ஏப்ரல் இறுதி என்பது வறண்ட பருவத்தின் முடிவு. மழை மே மாதத்தில்தான் வலுக்கும். ஆகவே சேறு குறைவாகவும் புழுதி மிகுதியாகவும் இருக்க வேண்டும். அந்தப் படை மார்ச் இறுதியில் டா நாங் வீழ்ந்த பிறகு, கடற்கரையை ஒட்டிய நெடுஞ்சாலை வழியே 900 கிலோமீட்டருக்கு மேல் தெற்கு நோக்கி வந்தது. கடலோர மணலின் வெளிறிய படிவு அடியில். அதன்மேல் சுவான் லோக் அடங்கிய டோங் நாய்ப் பகுதியின் செம்மண். கடைசியாக, சைகோன் செல்லும் தார்ச்சாலையில் உரசி மினுங்கிய சங்கிலித் தடங்களின் வெற்று உலோகம். அகழாய்வுக் குழியின் மண்ணடுக்குகள் போல, கீழிருந்து மேலாக ஒரு பயணம்.

துருவிலும் தவறியிருந்தேன். நாள்தோறும் ஓடும் வண்டியின் தடித்த கவசத்தில் செம்மஞ்சள் துரு வழிவதில்லை. கைவிடப்பட்ட வண்டிக்கே அது அழகு. இந்த வகையில் புகைபோக்கி இடப்பக்கம் பின்புறத்தில் உள்ளது. கரி அங்கே மட்டும்தான் படிய வேண்டும். உடலின் மேற்பகுதியில் காலாட்படையினர் ஏறி அமர்ந்து வருவார்கள். அவர்களின் காலணியும் கைப்பிடியும் பட்ட இடங்களில் பச்சை மங்கி இரும்பு மினுக்கும். முகமோ பெயரோ பதிவாகாத அந்த வீரர்களுக்கு எஞ்சிய ஒரே சுவடு அந்தத் தேய்மானம்தான் என்று தோன்றியபோது, தூரிகையைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டேன்.

அழுக்கு ஓர் அழகா என்ற கேள்விக்கு நம் மரபில் பழைய விடை ஒன்று உண்டு. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் தொண்டைமானின் படைக்கொட்டிலைக் காண்கிறார். அங்குள்ள கருவிகள் அலங்கரிக்கப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவலில் இருக்கின்றன. அதியமானின் கருவிகளோ போரில் சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வது போல் இகழ்ந்து, இகழ்வது போல் புகழ்ந்த அந்தத் தூதின் நுட்பத்தை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறேன். சைகோன் மாளிகையின் புல்வெளியில் இன்று 843, 390 என்ற எண்களோடு நிற்பவை அசல் வண்டிகள் அல்ல; அதே வகையைச் சேர்ந்த பதிலிகள். அசல்கள் ஹனோயின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவையும் புதுவண்ணம் பூசப்பட்டுப் பளபளக்கின்றன. பாதுகாப்பதற்கு வேறு வழியில்லை. ஆயினும் உண்மையான டாங்கி புதியதாகவும் பொய்யான டாங்கி பழையதாகவும் நிற்கும் இந்த முரண் என்னை விட்டு அகலவில்லை.

அதியமான் பக்கம் நின்றுவிட்டேன் என்று நிறைவடைய முடியவில்லை. ஔவை சென்றது போரை மூட்டவன்று, தடுக்க. சிதைந்த கருவிகளைக் காட்டியதும் அதற்காகவே. நான் மேசை விளக்கின் கீழ் இழைத்து இழைத்துச் செய்யும் ஒவ்வொரு கீறலும் ரசிப்பதற்கு உரியதாகிவிடும்போது, அந்த எச்சரிக்கை எங்கே போகிறது? அன்று காலை சைகோன் பாலத்தருகே அதே படைப்பிரிவின் முதல் பட்டாலியன் தளபதி ங்கோ வான் ந்யோ கொல்லப்பட்டார். வெற்றிக்குச் சில மணி நேரமே எஞ்சியிருந்தது. பாலத்தின் மறுமுனையில் அதைக் காத்து நின்ற தென் வியட்நாம் வீரர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்தாம். மாதிரிப் பெட்டிகளின் மேலட்டையில் பாலம் வருவதில்லை, வாயில்தான் வருகிறது.

இதற்கு என்னிடம் விடை இல்லை. ஒன்றை மட்டும் செய்தேன். 390ஐ முதன்மை வாயிலில் நிறுத்தினேன். பழைய 843ஐத் தூக்கியெறியவில்லை. அதன் சேற்றைக் கழுவிவிட்டு, புதிதாகச் செய்த சிறு வாயிலின் நடுவே நகர முடியாதபடி வைத்தேன். அதன் அருகே, கொடியோடு காலால் ஓடும் ஒரு மனிதர். அடித்தளத்தில் இரு எண்களையும் இரு பெயர்களையும் எழுதினேன். பாலத்தில் இறந்தவரின் பெயரையும், ஓவியத்துக்குச் சட்டமிடும் இடத்தில், ஓரமாக எழுதிவைத்திருக்கிறேன்.

நண்பர் மறுபடி வந்தார். இம்முறை வாயிலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெயரைத் தொட்டுக் காட்டி, "இவர் வண்டி எங்கே?" என்றார். இன்னும் செய்யவில்லை என்றேன்.