ஆடை அணிந்த விலங்குகள்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது முதுமொழி. சிறுவர் சித்திரங்களில் விலங்கை மனிதனாக்குவதும் ஆடையே. 1902இல் இங்கிலாந்தில் பியட்றிக்ஸ் பொற்றர் அம்மையார் வெளியிட்ட கதையில், நீலச் சட்டை அணிந்த பீற்றர் என்னும் முயல், தோட்டக்காரருக்கு அஞ்சி ஓடுகின்றது. சப்பாத்துகளை இழந்ததும் நாலு காலில் விரைகின்றது. வலையிற் சிக்கிய சட்டையைக் கழற்றி விட்டே உயிர்தப்புகின்றது. ஆடை நீங்க, முயல் முயலாகின்றது.

வால்ற் டிஸ்னியின் படங்களில் 1930இல் தோன்றிய புளூட்டோவும், 1932இல் தோன்றிய கூஃபியும் நாய்களே. ஆடையணிந்த கூஃபி பேசுகின்றது. மிக்கி எலிக்குத் தோழனாகின்றது. கழுத்துப்பட்டி மாத்திரம் பூண்ட புளூட்டோவோ அவ்வெலியின் வளர்ப்புப் பிராணி! பின்னர் தொலைக்காட்சிக்கும் இம்முறையே வந்தது.

நேயர்களே, உடையால் உயர்வு தாழ்வு வகுப்பது மனிதர் வழக்கம். அதனை நம் குழந்தைகள் சித்திரத்திலேயே கற்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.