துரோகி யார்? நேயர்கள் குழம்பித் தவித்த ஏழு வாரங்கள்



உளவாளி என்றதும் உங்கள் மனத்திரையில் யார் வந்து நிற்கிறார்? ஆங்கிலப் படம் பார்ப்பவர்களுக்கு ஜேம்ஸ் பாண்ட். பழைய தமிழ்ப் பட ரசிகர்களுக்குத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று பெயரெடுத்த ஜெய்சங்கர். கையில் துப்பாக்கி, வேகமான கார், கடைசியில் ஒரு பெரிய சண்டை. வில்லன் யார் என்பதும் படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கையெல்லாம் கலைத்துப் போட்ட ஒரு தொடர் 1979ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி பிரிட்டனின் பிபிசி 2 அலைவரிசையில் ஒளியேறத் தொடங்கியது. ஜான் லெ காரே 1974இல் எழுதிய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ என்ற நாவலைத் தழுவிய ஏழு வாரத் தொடர் அது. அதைப் பார்த்தவர்கள் சொன்ன கருத்துகளையும், அந்தக் கருத்துகளுக்கு வரலாறு அளித்த பதிலையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பேசாத முதல் காட்சி

முதல் காட்சியே நேயர்களைத் திகைக்க வைத்தது. நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக ஓர் அறைக்குள் வந்து மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கோப்புகளை அடுக்குகிறார். ஒருவர் சிகரெட்டுடன் வருகிறார். ஒருவர் தேநீர்க் கோப்பையைச் சாசரால் மூடி ஏந்தி வருகிறார். யாரும் பேசவில்லை. கடைசியில் ஒருவர், தொடங்கலாம் என்கிறார். காட்சி முடிந்துவிட்டது!

ஆனால் கதையின் சாரமே அந்தக் காட்சிதான். பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் இருக்கும் இவர்களில் ஒருவர் பல ஆண்டுகளாகச் சோவியத் யூனியனுக்கு வேலை செய்கிறார். யார் அவர்? கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலி என்ற அதிகாரி இரகசியமாக அழைக்கப்பட்டு, இதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவரிடம் துப்பாக்கிச் சண்டை கிடையாது. பழைய கோப்புகளைப் படிக்கிறார். வேலை இழந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசவிட்டுக் கேட்கிறார். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். மீண்டும் படிக்கிறார்.

ஸ்மைலியாக நடித்தவர் சர் அலெக் கின்னஸ். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வயது முதிர்ந்த குருவாக வந்து உலகப் புகழ் பெற்றவர். நாவலில் வரும் ஸ்மைலி குள்ளமாகவும் பருமனாகவும் இருப்பார். ஆகவே தாம் இதற்குப் பொருத்தமா என்று கின்னஸே தயங்கினார். தொடரைப் பார்த்தபின் அந்தத் தயக்கத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சிறந்த நடிகருக்கான பிரிட்டிஷ் விருது அவருக்குக் கிடைத்தது.

“என்னதான் நடக்கிறது?”

நேயர்களிடமிருந்து வந்த முதல் குறை, “புரியவில்லை” என்பதுதான். அதைக் குறை சொல்லவும் முடியாது. கதை முன்னும் பின்னுமாகத் தாவுகிறது. உளவுத்துறைக்கு ‘சர்க்கஸ்’ என்று பெயர். ஆட்களைப் பின்தொடர்பவர்களுக்கு ஒரு பெயர், முரட்டு வேலை செய்பவர்களுக்கு வேறொரு பெயர். எதிரியால் உள்ளே நுழைக்கப்பட்ட ஆளுக்கு ‘மோல்’ என்று பெயர், அதாவது மண்ணுக்கடியில் வளை தோண்டும் அகழெலி. இன்று செய்தித்தாள்கள் சர்வ சாதாரணமாகப் பயன்படுத்தும் இந்தச் சொல்லைப் பொதுமக்களிடையே பரப்பியதில் லெ காரேவுக்குப் பெரும் பங்கு உண்டு. அன்றைக்கோ அது பலருக்குப் புதிய சொல்.

வானொலி அறிவிப்பாளர் டெரி வோகன், இந்தத் தொடரில் என்ன நடக்கிறது என்று யாருக்காவது தெரியுமா என்று தம் நிகழ்ச்சியில் கேலி செய்தார். கிளைவ் ஜேம்ஸ் என்ற பிரபல விமர்சகர், இது இழுவையான தொடர் என்று தாக்கினார். மறுபக்கத்தில், திங்கட்கிழமை இரவு வந்தால் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து பார்த்த நேயர்களும் ஏராளம். மறுநாள் அலுவலகங்களில் இதே பேச்சு. நால்வரில் துரோகி யார் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

அன்றைய சூழ்நிலையையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். அப்போது பிரிட்டனில் மூன்றே அலைவரிசைகள். அவற்றில் ஒன்றான ஐடிவி, வேலை நிறுத்தத்தால் 1979 ஆகஸ்ட் 10 முதல் அக்டோபர் 24 வரை ஏறக்குறைய நாடு முழுவதும் முடங்கிக் கிடந்தது. நம் தொடரின் கடைசிப் பகுதி ஒளியேறியது அக்டோபர் 22ஆம் தேதி. ஆக, ஏழு வாரங்களும் பிபிசிக்கு எதிரே போட்டியே இல்லை! வேறு வழியில்லாமல் பார்க்கத் தொடங்கியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் புரியாத ஒன்றை வேறு வழியில்லை என்பதற்காக மட்டும் ஏழு வாரம் யாராவது பார்ப்பார்களா? தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்க மாட்டார்களா?

இன்னொன்று, வீடியோ ஒளிப்பதிவுக் கருவி அன்று மிகச் சில வீடுகளில்தான் இருந்தது. தவறவிட்ட ஒரு வசனத்தைத் திரும்பக் கேட்க முடியாது. ஒரு வாரம் முழுவதும் நினைவில் சுமந்துகொண்டுதான் அடுத்த பகுதிக்கு வர வேண்டும். பிற்காலத்தில் வட்டில் வாங்கி ஒரே மூச்சாகப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. 1980இல் அமெரிக்காவின் பிபிஎஸ் அலைவரிசை இத்தொடரை ஆறு பகுதிகளாகச் சுருக்கி ஒளியேற்றியது. 2011இல் கேரி ஓல்ட்மன் நடித்த திரைப்படம் இதே கதையை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அளவில் சொன்னது. ஓல்ட்மனின் நடிப்பைப் பாராட்டாதவர்கள் குறைவு. ஆனாலும் பழைய தொடரை நேசிப்பவர்கள் சொல்லும் வாதம் ஒன்றுதான். நால்வரோடும் நாம் நீண்ட நேரம் பழகினால்தானே, அவர்களில் ஒருவர் துரோகி என்று தெரியும்போது வலிக்கும்?

வரலாறு கொடுத்த பதில்

இந்தக் கதை முழுக்க முழுக்கக் கற்பனை அல்ல என்பது நமக்குத் தெரியும். லெ காரேயின் இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். பிரிட்டனின் உள்நாட்டு, வெளிநாட்டு உளவுத்துறைகள் இரண்டிலும் பணியாற்றியவர் அவர். நாவலுக்குப் பின்னணியாக நிற்பவர் கிம் ஃபில்பி. 1912இல் இந்தியாவின் அம்பாலாவில் பிறந்தவர். கிப்ளிங்கின் நாவல் நாயகன் பெயரையே செல்லப் பெயராகப் பெற்றவர். 1934இல் சோவியத் ஆளாகி, பின்னர் பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் நுழைந்து, சோவியத் எதிர்ப்புப் பிரிவுக்கே தலைமை தாங்கினார்! வேலியே பயிரை மேய்ந்த கதை. 1951இல் அவருடைய நண்பர்கள் பர்ஜெசும் மெக்லீனும் தப்பியோடியபோது இவர்மீதும் சந்தேகம் விழுந்தது. ஆனால் 1955இல் வெளியுறவு அமைச்சர் மெக்மில்லன் நாடாளுமன்றத்திலேயே இவருக்கு எதிராக ஆதாரமில்லை என்று அறிவித்தார். 1963 ஜனவரியில் ஃபில்பி பெய்ரூட்டிலிருந்து மாயமாகி மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். 1988இல் அங்கேயே இறந்தார்.

“இது பழைய கதை, முடிந்துபோன விவகாரம்” என்று 1979இல் ஒரு நேயர் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் கடைசிப் பகுதி ஒளியேறிய இருபத்து நான்காம் நாள், நவம்பர் 15ஆம் தேதி, பிரதமர் மார்கரெட் தாட்சர் நாடாளுமன்றத்தில் ஒரு பெயரை வெளியிட்டார். சர் அந்தோணி பிளன்ட்! அரண்மனையின் ஓவியச் சேகரிப்பைப் பல ஆண்டுகள் பராமரித்த கலை வரலாற்று அறிஞர். இரண்டாம் உலகப் போரின்போது உளவுத்துறையில் இருந்துகொண்டு சோவியத்துக்குத் தகவல் கொடுத்தவர். 1964லேயே, வழக்குத் தொடரக்கூடாது என்ற நிபந்தனையில், அவர் இரகசியமாக ஒப்புக்கொண்டிருந்தார். பதினைந்து ஆண்டுகள் அது மூடி மறைக்கப்பட்டது. அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் ‘சர்’ பட்டத்தோடுதான் வலம் வந்தார். பெயர் வெளியானபின் அந்தப் பட்டம் பறிக்கப்பட்டது.

தொடர் மெதுவாக நகர்கிறது என்று சலித்துக்கொண்டவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்? நிஜத்தில் உண்மை வெளிவரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஸ்மைலி ஏழு வாரங்களில் முடித்துவிட்டார்!

நம் மண்ணில் நடந்த கதை

இது வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். ஸ்மைலி வேடத்துக்காக, உண்மையான உளவுத்துறைத் தலைவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கின்னஸ் கேட்டார். லெ காரே ஒரு மதிய உணவுக்கு சர் மோரிஸ் ஓல்ட்ஃபீல்டை அழைத்து வந்தார். அவர் 1973 முதல் 1978 வரை எம்.ஐ.6 அமைப்பின் தலைவராக இருந்தவர். உணவு முடிந்து அவர் புறப்பட்டதும், அவர் நடந்து போகும் விதத்தைப் பார்ப்பதற்காகக் கின்னஸ் விரைந்து வெளியே போனாராம். இந்த ஓல்ட்ஃபீல்ட் 1950களில் இரண்டு முறை சிங்கப்பூரில் பணியாற்றியவர். மலாயா அவசரகாலம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தொடரைப் பார்த்த அவர், அதில் தம்மை அடையாளம் காண முடியவில்லை என்று சொன்னதாகப் பதிவாகியுள்ளது. நேயர் கருத்துகளிலேயே சுவையான கருத்து இதுவாகத்தான் இருக்கும்.

நம் மண்ணிலும் ஒரு ‘மோல்’ இருந்தார். மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் லாய் டெக். கட்சியின் தலைவராக இருந்துகொண்டே பிரிட்டிஷாருக்கும், பின்னர் ஜப்பானியருக்கும் தோழர்களைக் காட்டிக்கொடுத்தவர். 1947இல் குட்டு வெளிப்படும் நேரத்தில் கட்சிப் பணத்தோடு தலைமறைவாகி, அதே ஆண்டு பேங்காக்கில் கொல்லப்பட்டார். அவரை நம்பி உயிர்விட்டவர்களுக்குத் துரோகி யார் என்பது கடைசிவரை தெரியாது.

குழப்பத்துக்கும் மரியாதை உண்டு

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. உட்பகை என்று இன்னோர் அதிகாரமும் இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று வள்ளுவர் சொல்கிறார். ‘சர்க்கஸ்’ அதிகாரிகள் செய்யத் தவறியது இதைத்தான். மாஸ்கோவிலிருந்து வந்த அருமையான தகவல்களில் மயங்கி, அவற்றை யாரும் சரிபார்க்கவில்லை. ஸ்மைலி செய்ததெல்லாம் அந்தச் சரிபார்ப்பு வேலைதான்.

துரோகியின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. இனி பார்க்கப் போகிறவர்களின் சுவையைக் கெடுக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பெயர் தெரிந்ததும் நமக்குக் கைதட்டத் தோன்றாது. கூட இருந்தே குழி பறித்தவரைப் பற்றி மனத்தின் ஒரு மூலையில் ஏற்கெனவே தெரிந்திருந்ததே, அதை நாமே ஒப்புக்கொள்ளவில்லையே என்ற உறுத்தல்தான் மிஞ்சும். ஸ்மைலியின் முகத்திலும் வெற்றிக் களிப்பு இல்லை.

ஆகவே, புரியவில்லை என்று சொன்ன நேயர்களை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அவர்கள் குழம்பியது ஏழு வாரம். ஃபில்பியோடு ஒரே மேசையில் அமர்ந்து வேலை பார்த்தவர்கள் ஆண்டுக்கணக்கில் குழம்பினார்கள். நம்பிக்கைத் துரோகம் உள்ளே இருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் இருக்கும், யாரும் அதற்கு விளக்கவுரை தருவதில்லை. அந்தத் தவிப்பை வீட்டு வரவேற்பறைக்கே கொண்டுவந்து கொடுத்ததுதான் இந்தத் தொடரின் வெற்றி. அடுத்த முறை ஒரு தொடர் புரியவில்லை என்றால், உடனே அலைவரிசையை மாற்றிவிடாதீர்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.