சயாம் மரண ரயில்: ஒரு நாள் பயணத்துக்கு முன் சில கேள்விகள்



அடுத்த மாதம் புலம்பெயர் தொழிலாளர் உரிமை குறித்த பயிற்சி ஒன்றுக்காக எங்களில் நான்கு பேர் பாங்காக் போகிறோம். பயிற்சி முடிந்த மறுநாள் ஒரு முழு நாள் எங்கள் கையில் இருக்கிறது. அந்த நாளில் காஞ்சனபுரிக்குப் போய் வருவது என்று முடிவு செய்தோம். பாங்காக்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

பயண நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்: குவாய் நதிப் பாலம், போர்வீரர் கல்லறை, அருங்காட்சியகம், ரயிலில் சிறிது தூரம், பிறகு அருவி. எங்களுக்கு வேண்டியவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் திட்டத்தை நாங்களே போட உட்கார்ந்தோம். உட்கார்ந்தபோது எழுந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்களில் ஒரு தோழருக்கு இது சுற்றுலா அல்ல. அவர் வந்தவாசிப் பக்கம் ஒரு சேரியைச் சேர்ந்தவர். அவருடைய ஆயாவின் அண்ணன் 1937 வாக்கில் கங்காணி ஒருவரோடு மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். பால்மரத் தோட்டத்தில் வேலை. இரண்டு முறை பணம் வந்தது, சில கடிதங்கள் வந்தன. ஜப்பான் காலத்துக்குப் பிறகு எதுவும் வரவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, அதே தோட்டத்திலிருந்து ஊர் திரும்பிய ஒருவர், “அவனை சயாமுக்குக் கூட்டிப் போனார்கள்” என்று மட்டும் சொன்னாராம். ஊரில் இருந்த அவர் மனைவி கடைசி வரை தாலியைக் கழற்றவில்லை. செத்தார் என்று சொல்ல ஒரு காகிதம் இல்லை, சாகவில்லை என்று நம்ப ஒரு கடிதமும் இல்லை. அவர் காஞ்சனபுரியில்தான் இறந்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவருக்காகப் போய் நிற்க வேறு இடம் இல்லை.

அந்த ரயில் பாதை என்ன?

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல் வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாக இருந்ததால், தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில் பாதை போட ஜப்பான் முடிவு செய்தது. 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

உலகம் அறிந்த கதை இதுதான். இதே பாதையில் 1,80,000-க்கும் அதிகமான ஆசியத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். பர்மியர், மலாயாத் தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர். அவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு நூலில் கூடும், ஒரு நூலில் குறையும். போர்க்கைதிகளில் ஐந்தில் ஒருவர் இறந்தார் என்றால், தொழிலாளர்களில் ஏறக்குறைய இரண்டில் ஒருவர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் அளவில் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

யார் அந்தத் தமிழர்கள்?

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்களில் வைத்துக் கப்பல் ஏற்றினார்கள். போனவர்களில் பல சாதியினரும் உண்டு. ஆனால் கணிசமானவர்கள் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதிகள்: பறையர், பள்ளர், அருந்ததியர். பண்ணையாரிடம் பட்ட கடனும், பஞ்சமும், தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத வாழ்க்கையும் அவர்களைக் கப்பலுக்குத் தள்ளின. கடலைத் தாண்டியும் சாதி கூடவே போனது. பல தோட்டங்களில் லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன.

அவர்கள் வாய் மூடிக் கிடந்தவர்களும் அல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டதோடு, துரையும் தோட்ட அதிகாரிகளும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன கதைகளை நம் வீடுகளில் கேட்டவர்களுக்கு அந்தக் கோரிக்கை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அரசு படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது.

ஜப்பான் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. முதலில், “மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம்” என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் போக மறுத்தார்கள். பிறகு ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேர் தர வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதையைத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சில இடங்களில் குடும்பத்தோடே போனார்கள். சயாமுக்குப் போகாமல் தப்பவே நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. பட்டியல் போட்டது ஜப்பான்காரர் மட்டுமல்ல, தோட்டத்துக் கிராணிகளும் கங்காணிகளும் அதில் கை வைத்தார்கள். யாரை அனுப்புவது, யாரை விடுவது என்று நம்மவர்களே முடிவு செய்த இடத்தில் சாதி என்ன செய்திருக்கும் என்ற கேள்வியை நாம் கேட்காமல் இருக்க முடியாது. இதுவரை எழுதப்பட்ட வரலாறு அதை அதிகம் கேட்கவில்லை.

சாவு ஏன் இவ்வளவு வேறுபட்டது?

காடு ஒன்று, மழை ஒன்று, அடித்த கையும் ஒன்று. பிறகு ஏன் கைதிகளைவிடக் கூலிகள் இத்தனை மடங்கு செத்தார்கள்? போர்க்கைதிகளுக்கு ஓர் அமைப்பு இருந்தது. அவர்களோடு சொந்த அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்கவும், கழிப்பறைக் குழியைத் தள்ளி வெட்டவும் கட்டளை போட ஆள் இருந்தது. தோட்டத்துத் தமிழருக்கு அப்படி யாரும் இல்லை. 1943 மே மாதம் மழையோடு காலரா வந்தபோது கூலி முகாம்கள் கொத்துக் கொத்தாக அழிந்தன. அந்த ஆண்டில் போர்க்கைதிகளிலிருந்தே இரண்டு மருத்துவக் குழுக்கள் கூலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இன்னொரு வேறுபாடு நோட்டுப் புத்தகம். கைதிகளின் அதிகாரிகள் யார், எங்கே, எப்போது இறந்தார், எங்கே புதைத்தோம் என்று ஒளித்து வைத்து எழுதினார்கள். 1945-இல் போர் முடிந்ததும் கல்லறை தேடும் குழு ஒன்று பாதை நெடுகப் போய், 144 இடுகாடுகளில் 10,500-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. அவர்கள்தான் இன்று காஞ்சனபுரி, சுங்கை, தன்பியுசயாட் என்ற மூன்று இடங்களில் வரிசையாக, பெயரோடும் வயதோடும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர். அந்த மரியாதை அவர்களுக்கு உரியதுதான், அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. நம்மவர்களுக்கு யாரும் நோட்டில் எழுதவில்லை, யாரும் தேடியும் போகவில்லை என்பதுதான் குறை. மலாயாவைத் திரும்பப் பிடித்த அதே பிரிட்டிஷ் அரசுதான் இரண்டுக்கும் பொறுப்பு.

பாலத்தின் கதையையும் சொல்லிவிடுகிறோம். பாலம் கட்டப்பட்டது மே குலாங் ஆற்றின் மேல். பிரெஞ்சு நாவல் ஒன்று அதைக் குவாய் நதி என்று எழுதியது. 1957-இல் அது ஆங்கிலப் படமானது. படம் எடுத்த இடம் இலங்கையின் கித்துல்கல. படம் பார்த்த உலகம் குவாய் பாலத்தைத் தேடி வந்தது. அதற்காக 1960-களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவாய் யாய் என்று பெயரை மாற்றினார்கள். தமிழ்க் கூலிகளுக்கு அந்தப் படத்தில் இடமில்லை. ஒரு படத்துக்காக ஆற்றின் பெயரை மாற்ற முடிந்திருக்கிறது. பல்லாயிரம் பேரின் பெயரைத் தேட மட்டும் யாராலும் முடியவில்லை.

எங்கள் திட்டம்

இதையெல்லாம் பேசிய பிறகு திட்டம் இப்படி அமைந்தது. காலையில் தோன்புரி நிலையத்திலிருந்து சாதாரண மூன்றாம் வகுப்பு ரயில். வெளிநாட்டினருக்கு 100 பாட். இரண்டரை மணி நேரத்தில் காஞ்சனபுரி. நிலையத்திலிருந்து நடந்தே கல்லறைத் தோட்டம். எதிரிலேயே தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் என்ற அருங்காட்சியகம். அங்கே ஒரு மணி நேரமாவது வேண்டும்.

அடுத்து, பக்கத்தில் இருக்கும் வாட் தாவோன் வராராம் என்ற பௌத்தக் கோயில். சுற்றுலாப் பேருந்துகள் நிற்காத இடம். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளுக்கு அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியால் 2023-இல் காஞ்சனபுரியில் தமிழருக்கென ஒரு நடுகல்லும் நடப்பட்டது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் பழைய மரபு. அதைக் கூலிகளுக்கு நட்டது நல்ல செயல். அங்கேதான் நாங்கள் அதிக நேரம் இருக்கப் போகிறோம்.

பிற்பகலில் பாலம். பாலத்துக்கு அருகே 1944-இல் ஜப்பானியரே கட்டிய ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அதில் பல மொழிக் கல்வெட்டுகள், அவற்றில் தமிழும் ஒன்று. நம்மவர்களைக் கொன்றவர்களே நம் மொழியில் கல் வெட்டி வைத்தார்கள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. ஒரு தோழர் அங்கே போகவே கூடாது என்றார். கடைசியில், போய் நின்று படிப்போம், பூ வைக்க மாட்டோம் என்று முடிவானது.

விட்டுப்போனது ஹெல்ஃபயர் பாஸ். இன்னும் 80 கிலோமீட்டர். ஆஸ்திரேலிய அரசு அங்கே நல்ல நினைவு அருங்காட்சியகம் கட்டியிருக்கிறது. பார்க்க ஆசைதான். ஆனால் இருப்பது ஒரு நாள். அந்த நாளை, பார்க்க ஆள் வராத இடத்துக்கே கொடுப்பது என்று தீர்மானித்தோம். இருட்டியதும் வேனில் பாங்காக் திரும்பிவிடுவோம்.

நினைவிடத்துக்குப் போவது நமக்குப் புதிதல்ல. 1927 ஜனவரி 1 அன்று பாபாசாகேப் கோரேகான் தூணுக்குப் போனார். அந்தத் தூணில் 22 மகர் வீரர்களின் பெயர்கள் இருந்தன. கல்லில் இருந்த பெயர்களை வைத்து ஒரு மக்கள் தங்கள் வரலாற்றைத் திரும்ப எழுத முடிந்தது. காஞ்சனபுரியில் நமக்கு அந்த வசதி இல்லை. கல்லில் இல்லாத பெயர் நம் வீடுகளில்தான் இருக்கிறது.

அதனால் எங்கள் பயணம் ஏற்கெனவே ஊரில் தொடங்கிவிட்டது. தோழரின் சேரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகக் கேட்டோம். மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் என்று பதினொரு பெயர்கள் கிடைத்தன. நான்கு பேருக்கு அப்பா பெயரும் தெரிந்தது. ஒருவருக்குப் பட்டப்பெயர் மட்டும்தான். எல்லாரும் சயாமில்தான் இறந்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. திரும்பவில்லை என்று மட்டும் எழுதினோம். அந்தப் பதினொரு பெயர்களையும் நடுகல்லுக்கு முன் உரக்கப் படிக்கப் போகிறோம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஆர்.சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ.ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டு நாவல்களையும் தேடிப் படியுங்கள். பிறகு உங்கள் ஆயாவிடம், பாட்டியிடம், தெருவின் மூத்தவரிடம் கேளுங்கள். சயாம் என்று கேட்டால் தெரியாது என்பார்கள். “பினாங்குக்குப் போய்த் திரும்பி வராதவர் யாராவது உண்டா?” என்று கேளுங்கள். பெயர், அப்பா பெயர், போன வருடம், கடைசிக் கடிதம் வந்த ஊர், இவ்வளவையும் நோட்டில் எழுதுங்கள். அந்தப் பெயர்கள் தெரிந்த கடைசித் தலைமுறைக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது.

ஜெய்பீம்.