703 என்னும் எண்ணும் சிவசங்கரநாராயண பிள்ளையும்



தமிழர் கணிதம் என்றதும் இராமானுசன் பெயரும் அவருடைய 1729-உம் நம் நினைவுக்கு வருகின்றன. அதே தென்னாட்டில் பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளையை (1901–1950) நம் மாணவர் பலர் அறியார். அவரை அறிமுகப்படுத்த 703 என்னும் எண் ஒன்றே போதும்.

குருண் பட்டணத்துக் கடையொன்றில் 1 சென், 64 சென், 729 சென் ஆகிய காசுகள் மட்டுமே செல்லும் என்று வைத்துக்கொள்வோம். மீதிச் சில்லறை வாங்காமல் 703 சென் செலுத்தக் குறைந்தது எத்தனை காசுகள் வேண்டும்? 729 பெரிது, உதவாது. 64 சென் காசுகள் பத்துத் தந்தால் 640 ஆகும். எஞ்சிய 63-ஐ ஒரு சென் காசுகளாகவே தரவேண்டும். ஆகமொத்தம் 73 காசுகள்.

இக்காசுகளின் மதிப்புகள் ஆறாம் அடுக்கு எண்கள். இரண்டை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் 64. மூன்றை அவ்வாறே பெருக்கினால் 729. நான்கைப் பெருக்கினால் 4096. இவ்வரிசைக்கு முடிவில்லை. அப்படியாயின், 73-க்கும் மேற்பட்ட காசுகளைக் கேட்கும் எண் எங்கேனும் உண்டா? எண்களுக்கு எல்லை இல்லையாதலால், ஒவ்வொன்றாகச் சோதித்து விடை காண இயலாது.

இத்தகைய வினாக்களை 1770-இல் எழுப்பியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்ட் வாரிங். இரண்டாம் அடுக்குகளுக்கு நான்கு போதும் என்பதை அதே ஆண்டில் லக்ராஞ்சு நிறுவினார். ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்று 1909-இல் இல்பர்ட் மெய்ப்பித்தார். ஆறாம் அடுக்குக்கு அவ்வரம்பு சரியாக 73 என்பதை 1940-இல் நிறுவியவர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நம் பிள்ளை அவர்கள். எத்துணைப் பெரிய எண்ணும் 73-ஐத் தாண்டாது! ஐந்தாம் அடுக்குக்குரிய 37 என்னும் விடையைச் சீனத்தின் சென் சிங்ருன் 1964-இல்தான் மெய்ப்பித்தார். நான்காம் அடுக்குக்குரிய 19 என்பது 1986-இல் உறுதியாயிற்று. அதில் இரு பிரெஞ்சுக் கணிதவியலருடன் பங்குகொண்டவர் ஆர். பாலசுப்பிரமணியன்.

பிள்ளை அவர்கள் குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தவர். பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையையும் இழந்தார். கல்வி அத்துடன் நின்றிருக்கும். சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் அவருடைய திறமையை உணர்ந்து, தம் கைப்பொருளைக் கொடுத்துப் படிக்கவைத்தார். 703-இன் இரகசியம் வெளிப்பட்டதில் அந்த ஆசிரியருக்கும் பங்குண்டு.

1950-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணிதவியலர் மாநாட்டுக்குப் பிள்ளை அவர்கள் புறப்பட்டார். ஆகஸ்டு 31 அன்று கெய்ரோவுக்கு அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது 49.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இக்கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 1, 4 காசுகளால் 7 செலுத்த நான்கு காசுகள் வேண்டும்; 1, 8 காசுகளால் 23 செலுத்த ஒன்பது வேண்டும். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தாலே போதும். விடை கண்ட பிள்ளைகளிடம் அவர் பெயரையும், அவரைப் படிக்கவைத்த ஆசிரியரின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.