விடுபட்ட ஓர் எண்

காஞ்சிபுரத்தில் கட்டம் போட்ட பட்டுச்சேலைக்கு 60 இழைகளைப் பிரிக்க வேண்டுமென்றால், இரண்டாகவோ மூன்றாகவோ நான்காகவோ ஐந்தாகவோ ஆறாகவோ சமமாகப் பிரித்துவிடலாம். 61 இழைகள் என்றால் ஒரு வழியும் இல்லை. 61 பகா எண். 60 அதன் நேர் எதிர். தனக்கு முந்தைய எல்லா எண்களையும் விட மிகுதியான காரணிகள் கொண்ட இத்தகைய எண்களுக்கு 'உயர் பகு எண்கள்' என்று பெயரிட்டுத் தனி வகையாக ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன்.

இவற்றின் பயனை முன்னோர் அறியாமலில்லை. பிளேட்டோ தமது 'சட்டங்கள்' நூலில் ஒரு நகருக்கு 5040 குடும்பங்கள் போதும் என்றார்; பல விதமாகப் பங்கிட அந்த எண் இடம் தருகிறது என்பதே காரணம். ஆனால் இவ்வெண்களின் அமைப்பை ஆராய்ந்து விதிகளைக் கண்டது 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளியான இராமானுஜனின் நீண்ட கட்டுரை. பகாக் காரணிகளாகப் பிரித்தால், பெரிய பகா எண் சிறியதை விட அதிக முறை வராது. 4, 36 என்ற இரண்டு எண்களைத் தவிர மற்றெல்லாவற்றிலும் கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும். இக்கட்டுரைக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. போர்க்காலப் பணமுடையால் அச்சேறாமல் நின்ற எஞ்சிய பகுதி, விரிவான குறிப்புகளுடன் 1997இல்தான் இதழொன்றில் வெளிவந்தது.

கட்டுரையில் 102 எண்களின் பட்டியல் உண்டு. கடைசி எண் 6746328388800; அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5ம் 7ம் இருமுறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை பெருக்கப்பட்டுள்ளன. காரணிகள் 10080.

கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு இது. அதில் ஓர் எண் விடுபட்டுவிட்டது: 293318625600. அதன் காரணிகள் 5040. பிளேட்டோவின் அதே எண்! இன்னும் வியப்பு, விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே கிடைக்கிறது. கண்ணுக்குத் தப்பியது கையெழுத்தின் கடைசி வரிக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

இராமானுஜனைப் பற்றி நம்மிடையே புழங்கும் கதைகளில் எல்லாமே தெய்வ அருளால் நாவில் வந்து விழுகின்றன. நாமகிரித் தாயார் மீது அவருக்கிருந்த பக்தி உண்மை. ஆனால் அருளால் மட்டும் வந்த பட்டியலில் விடுபடல் இராது. ஒவ்வொரு எண்ணாகப் பெருக்கி, ஒப்பிட்டு, எழுதியவரின் கையில்தான் அது நேரும். விதிகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. ஓர் எண் குறைந்ததால் அவற்றுக்கு ஒரு குறையுமில்லை. அந்த இடைவெளி நமக்குக் காட்டுவது அவரது உழைப்பை. அதை மறைத்துவிட்டு அவரை வணங்குவதில் என்ன மரியாதை இருக்கிறது?